ரூபிளுக்கு எத்தனை ரூபாய்?

(காடாம்புலியூரில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



இன்று நாணய மாற்று விகிதம் பற்றிப் பேசப்போகிறேன் என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, உங்களிற் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக் கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை. பலாவும் முந்திரியும் சூழ்ந்த ஊரில், ரூபிளையும் ரூபாயையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே, வேறு வேலை இல்லையா இவனுக்கு என்று நீங்கள் எண்ணியிருந்தால் அது உங்கள் குற்றமன்று. நாணயக் கணக்கு நமக்கு எட்டாத கணக்கு, அது டில்லிக்காரர்கள் போடுகிற கணக்கு என்றே நம்மை நெடுங்காலமாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

எட்டாத கணக்கா அது? இந்தச் சாலையில் தெற்கு நோக்கிச் சில கல் தொலைவு போனால் நெய்வேலி. நிலத்துக்குள் கரி இருக்கிறது என்பதைக் கிணறு தோண்டிக் கண்ட சம்புலிங்க முதலியாரின் ஊர். அங்கே எழுந்த முதல் அனல் மின் நிலையம் யார் தந்த எந்திரத்தால் எழுந்தது? சோவியத் நாட்டு எந்திரத்தால். அதற்கு விலை எந்த நாணயத்தில் எழுதப்பட்டது? ரூபிளில். அந்த விலையை நாம் எதைக் கொடுத்துத் தீர்த்தோம்? ரூபாயைக் கொடுத்து. அந்த ரூபாயை வாங்கிக்கொண்டு அவர்கள் நம்மிடம் என்ன வாங்கினார்கள்? தேயிலை வாங்கினார்கள், சணல் வாங்கினார்கள், தோல் வாங்கினார்கள், புகையிலை வாங்கினார்கள், முந்திரிப் பருப்பும் வாங்கினார்கள். ஒரு காலத்தில் இந்திய முந்திரிப் பருப்பை மிகுதியாக வாங்கிய நாடுகளுள் சோவியத் நாடு முன்வரிசையில் நின்றது. கொட்டை உடைத்துக் கை கறுத்துப்போன தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ரூபிளுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வி உங்கள் கையில் ஒட்டியிருக்கும் அந்தக் கறையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் நாடும் ஒரு வாணிப உடன்பாடு செய்துகொண்டன. 1950களின் இறுதிக்குள் அது முழுமையான ரூபாய் வாணிபமாக உருவெடுத்தது. டாலரும் வேண்டாம், பவுனும் வேண்டாம். அவர்கள் விற்பதும் ரூபாய்க்கு, அவர்கள் வாங்குவதும் ரூபாய்க்கு. அந்த ரூபாயை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோய் வேறு நாணயமாக மாற்றிக்கொள்ளவும் இயலாது. வந்த ரூபாய்க்கு இங்கேயே சரக்கு வாங்கியாக வேண்டும். அன்னியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. நல்லதை நல்லது என்று சொல்ல நான் தயங்குபவன் அல்லன்.

ஆனால், வாணிபம் ரூபாயில். கடன் மட்டும் ரூபிளில்! இதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வழக்கெல்லாம் இந்த ஒரு முடிச்சிலிருந்து வந்தது.

1957இல் நெய்வேலி மின் நிலையம், ராஞ்சி எந்திரத் தொழிற்சாலை முதலான திட்டங்களுக்காக 50 கோடி ரூபிள் கடன் கிடைத்தது. வட்டி நூற்றுக்கு இரண்டரை. பன்னிரண்டு ஆண்டுத் தவணை. அன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 60 கோடி ரூபாய். வட்டியைப் பாருங்கள், எவ்வளவு குறைவு! நம் ஊரில் கைமாற்று வாங்குகிறவன் கனவிலும் காணாத வட்டி. ஆகவே எல்லோரும் வட்டியைப் பார்த்தார்கள். நாணயத்தைப் பார்த்தவர்கள் சிலரே.

அந்த ரூபிளுக்குப் பின்னால் தங்கம் நின்றது. கடன் பத்திரத்தில் ரூபிள் என்று எழுதியிருந்தாலும், இத்தனை தங்கம் கொண்ட ரூபிள் என்பதே அதன் பொருள். உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். ஒருவர் உங்களுக்குக் கடன் கொடுக்கிறார். ஆயிரம் ரூபாய் கொடுத்தேன் என்று எழுதாமல், இன்றைய விலையில் இத்தனை பவுன் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்கிறார். நீங்கள் திருப்பித் தருகிற நாளில் பவுன் என்ன விலையோ அந்த விலைக்கு ரூபாய் தரவேண்டும். பவுன் ஏறினால் யாருக்கு நட்டம்? ரூபாய் விழுந்தால் யாருக்கு நட்டம்? இரண்டுக்கும் ஒரே விடைதான்.

1961இல் மாஸ்கோவில் ரூபிளை மாற்றினார்கள். பத்துப் பழைய ரூபிளைக் கொடுத்தால் ஒரு புது ரூபிள். அப்படியானால் நம்முடைய 50 கோடி ரூபிள் கடன் 5 கோடியாகச் சுருங்கியிருக்கவேண்டும் அல்லவா? சுருங்கவில்லை. 11 கோடியே 25 லட்சமாயிற்று. ஏன்? உள்நாட்டில் பத்துக்கு ஒன்று என்றாலும், தங்கத்தின் அளவு பத்து மடங்கு ஏறவில்லை. நாலரை மடங்கு அளவுக்கே ஏறியது. கடன் தங்கத்தைப் பின்பற்றியது. இதிலே வஞ்சகம் ஒன்றும் இல்லை, எழுதியபடி நடந்தார்கள். எழுதியதைப் படிக்கவேண்டியது நம் கடமை.

புது ரூபிளில் 0.987412 கிராம் தங்கம். அன்றைய ரூபாயில் 0.186621 கிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு ரூபிளுக்கு 5 ரூபாய் 29 காசு. 100 ரூபிள் கடன் என்றால் 529 ரூபாய். இந்த 529ஐ நினைவில் வையுங்கள். இனி இந்த 100 ரூபிளின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

1962 மே மாதம் நெய்வேலியில் முதல் மின் பொறி ஓடத் தொடங்கிற்று. நான்காண்டுகள் கழிந்தன. 1965இல் போர். அதையடுத்து உதவி நிறுத்தம், வறட்சி, கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாட்கள். 1966 ஜூன் 5ஆம் நாள் இரவு, நிதியமைச்சர் சசீந்திர சௌத்ரி ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டதாக அறிவித்தார். 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த டாலர், மறுநாள் காலை 7 ரூபாய் 50 காசு! அன்றைய காங்கிரஸ் தலைவர் காமராசரே அந்த முடிவை ஏற்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

மதிப்புக் குறைப்பு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அரசினர் 36.5 விழுக்காடு என்றார்கள். பொய்யா? பொய்யில்லை. ரூபாயில் இருந்த தங்கம் 0.186621இலிருந்து 0.118489 கிராமாகக் குறைந்தது, அது 36.5 விழுக்காடு. ஆனால் டாலர் வாங்கப் போகிறவன் பையிலிருந்து கூடுதலாகப் போனது 57.5 விழுக்காடு. ஒரே கத்தி! பிடித்திருப்பவன் கைப்பிடியை அளந்து 36.5 என்கிறான், குத்துப்பட்டவன் காயத்தை அளந்து 57.5 என்கிறான். விழுக்காட்டைச் சொல்லும்போது யார் பக்கத்திலிருந்து அளந்தீர்கள் என்று கேட்டுப் பழகுங்கள் தோழர்களே. பயன்படும்.

டாலருக்கு நேர்ந்ததுதான் ரூபிளுக்கும் நேர்ந்தது. தங்கத்தால் தங்கத்தை வகுத்தால் ஒரு ரூபிளுக்கு 8 ரூபாய் 33 காசு. நம்முடைய 100 ரூபிள், 529 ரூபாயிலிருந்து 833 ரூபாயாயிற்று. மாஸ்கோவிலிருந்து ஒரு திருகாணிகூடக் கூடுதலாக வரவில்லை. நெய்வேலியில் ஒரு விளக்குகூடக் கூடுதலாக எரியவில்லை. கடன் மட்டும் ஏறிக்கொண்டது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். "ரூபாய் வீழ்ந்தால் நம் சரக்கின் ரூபாய் விலையும் ஏறுமே. 833 ரூபாய்க்கு அவர்கள் முன்பு 529 ரூபாய்க்கு வாங்கிய அதே பருப்பைத்தானே வாங்க முடியும்? அப்புறம் எங்கே நட்டம்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பருப்பின் விலையும் அதே அளவு, அதே நாளில் ஏறியிருந்தால் நட்டமே இல்லை. கடன் ஏறுவதற்கு ஒரு வரியே போதும். அது முன்னமே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. பருப்பின் விலை ஏறுவதற்கோ ஒவ்வொரு ஒப்பந்தமாக உட்கார்ந்து பேரம் பேசவேண்டும். தானாக ஏறுவது ஒன்று, பேசி ஏற்றவேண்டியது மற்றொன்று. இரண்டும் ஒன்றாகுமா?

இப்படிப்பட்ட சண்டை நமக்குப் புதிதும் அன்று. வெள்ளையர் ஆட்சியில் 1926, 1927ஆம் ஆண்டுகளில் நாடே இரண்டுபட்டு நின்றது: ரூபாய்க்கு 16 பென்ஸா, 18 பென்ஸா? 16 என்றால் ஒரு பவுன் ஸ்டெர்லிங்குக்கு 15 ரூபாய். 18 என்றால் 13 ரூபாய் 5 அணா 4 பைசா. இந்தத் தென்னார்க்காட்டு மண்ணில் விளைந்த மல்லாட்டை அந்நாளில் புதுச்சேரித் துறையிலிருந்தும் கடலூர்த் துறையிலிருந்தும் பிரெஞ்சு நாட்டுக்குக் கப்பலேறியது. ஒரு பவுனுக்கு விற்றவனுக்கு 1 ரூபாய் 10 அணா 8 பைசா குறைந்தது. அவன் கட்டவேண்டிய கிஸ்தியில் காலணாவும் குறையவில்லை. ஹில்டன் யங் ஆணையத்தில் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் தனித்து நின்று 16தான் வேண்டும் என்று எழுதினார். ஆயினும் 18தான் சட்டமாயிற்று.

அதே காலத்தில் ரூபாயைப் பற்றித் தனி நூல் எழுதியவர் அம்பேத்கர், 1923இல் வெளிவந்தது. ரூபாய் மலிந்தால் ஏற்றுமதியாளருக்கு ஆதாயம் என்கிறார்களே, அந்த ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டார். விலை ஏறுகிற வேகத்தில் கூலி ஏறுவதில்லை. அந்த இடைவெளிதான் ஆதாயம் என்று காட்டினார். தோப்புக்காரருக்கு ஒரு நியாயம், கொட்டை உடைப்பவருக்கு வேறொரு நியாயம். நம் ஊரிலே பல வீடுகளில் கணவன் தோப்புக்காரர், மனைவி கொட்டை உடைப்பவர்! ஒரே வீட்டுக்குள் இரண்டு நாணயக் கொள்கை. சிரிக்கிறீர்கள், வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இனி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

1971 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை அறுத்தார். அதன்பின் உலக நாணயங்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. ரூபாயைப் பவுன் ஸ்டெர்லிங்கோடு சேர்த்துக் கட்டினார்கள். பவுன் மூழ்கியது, ரூபாயும் சேர்ந்து மூழ்கியது. 1975 செப்டம்பரில் அந்தக் கட்டையும் அவிழ்த்தார்கள். தங்கமே அளவுகோலாக இல்லாதபோது ரூபிளுக்கு எத்தனை ரூபாய்? "8.33தான்" என்றது டில்லி. "உங்கள் ரூபாய்தான் உலகச் சந்தையில் இறங்கிவிட்டதே, இனி அது பொருந்தாது" என்றது மாஸ்கோ. உற்ற நண்பர்கள் என்று உலகுக்கு முன் கைகோத்து நின்ற இரு நாடுகள், கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இதை வாதாடின. ரூபிளுக்கு ஒரு சந்தையும் இல்லை. எந்த வங்கியிலும் அதைத் தாராளமாக வாங்கவோ விற்கவோ முடியாது. அதன் விலை மாஸ்கோவில் ஆணையால் எழுதப்பட்ட விலை.

முடிவில், மொரார்ஜி தேசாய் ஆட்சியின்போது, 1978 நவம்பர் 25ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒரு ரூபிளுக்கு 10 ரூபாய். நம் 100 ரூபிள் 1000 ரூபாயாயிற்று. அத்தோடு நின்றிருந்தால் நான் இன்று இவ்வளவு தூரம் பேச வந்திருக்கமாட்டேன். பல நாட்டு நாணயங்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடைக்கு எதிராக ரூபாய் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ரூபிளின் விலையை ஏற்றிக்கொள்வது என்றும் அதிலே எழுதினார்கள்.

கூடையில் என்ன இருந்தது என்பதைவிட, என்ன இல்லை என்பதைப் பாருங்கள். ரூபாய் தளர்ந்தால் கடன் ஏறும். அதற்கு வழி செய்தாயிற்று. ரூபிள் தளர்ந்தால்? அதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. ரூபிள் தளரும் என்று அன்று யார் நினைத்தார்கள்? பூமியில் ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஆண்ட வல்லரசின் நாணயம் ஆயிற்றே!

1980களில் ரூபாய் படிப்படியாக இறங்கியது. 1990 ஜனவரி முதல் நாள், உடன்படிக்கைக் கணக்குப்படி ஒரு ரூபிளுக்கு 19 ரூபாய் 90 காசு அளவு. 1991 ஜூலையில் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி அடகு வைத்தோமே, அந்த மாதத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். உடனே கூடை அசைந்தது. 1993 தொடக்கத்தில் கணக்கு 31 ரூபாயைத் தாண்டிற்று. 529 ரூபாயில் தொடங்கிய நம் 100 ரூபிள் இப்போது 3100 ரூபாய்க்கு மேல்!

அந்த வேளையில் மாஸ்கோவில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போயிற்று. செங்கொடி இறங்கிற்று. ரூபிள் முதன்முறையாகச் சந்தைக்கு வந்தது. வந்த வேகத்தில் தலைகுப்புற வீழ்ந்தது. 1992 இறுதியில் ஒரு டாலருக்கு 400 ரூபிளுக்கு மேல் கொடுக்கவேண்டியிருந்தது. நம் சந்தையில் டாலர் அப்போது ஏறத்தாழ 30 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஒரு ரூபிள், 7 காசு!

கடைத்தெருவில் 7 காசு பெறுகிற ரூபிள். கடன் ஏட்டில் 31 ரூபாய். நம் 100 ரூபிள் கடனைச் சந்தை விலைக்குத் தீர்ப்பதென்றால் 7 ரூபாய் போதும். ஏட்டு விலைக்குத் தீர்ப்பதென்றால் 3100.

1993 ஜனவரியில் போரிஸ் யெல்ட்சின் டில்லிக்கு வந்தார். நரசிம்ம ராவ் ஆட்சி. ஏட்டு விலையும் வேண்டாம், சந்தை விலையும் வேண்டாம் என்று நடுவே ஒரு நாளைத் தேடிப் பிடித்தார்கள்: 1990 ஜனவரி முதல் நாள். அந்நாளின் 19 ரூபாய் 90 காசுக் கணக்கில் வருகிற தொகையைப் பன்னிரண்டு ஆண்டுகளில், 2.4 விழுக்காடு வட்டியோடு கட்டுவது. அதற்கும் ஏட்டு விலைக்கும் இடையே உள்ளதை, அதாவது மொத்தத்தில் 37 விழுக்காட்டை, வட்டியில்லாமல் நாற்பத்தைந்து ஆண்டுகளில் கட்டுவது. தள்ளுபடி என்று எண்ணிவிடாதீர்கள், தவணை நீட்டிப்பு. கட்டுகிற ரூபாய்க்கு அவர்கள் இங்கே சரக்கு வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கடனில் நெய்வேலிப் பொறியின் பங்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். நெய்வேலிக் கடன் பன்னிரண்டு தவணையில் தீரவேண்டிய பழங்கடன். 1993இல் ஏட்டில் நின்றதில் பெரும்பகுதி படைக்கலம் வாங்கிய கடன். பத்திரத்தின் வாசகம்தான் நெய்வேலியில் கற்றுக்கொண்ட வாசகம்.

7 காசுக் கணக்கில் தீர்த்திருக்கவேண்டும் என்று அன்று சிலர் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்திரம் வந்தது, விமானம் வந்தது, கப்பல் வந்தது. அவை காகிதப் பொருள்கள் அல்ல. கடன் கொடுத்தவன் வீடு தீப்பற்றி எரியும்போது, அந்த நெருப்பின் வெளிச்சத்தில் கணக்கைத் திருத்தி எழுதுவது மானமுள்ளவர் செயலன்று. உதிரிப் பொருள்களுக்கு நாளைக்கும் அவர்கள் வாசலில் நிற்கவேண்டும் என்பதையும் டில்லி எண்ணியிருக்கும். ஆனால், 7 காசு நியாயமில்லை என்றால் 19 ரூபாய் 90 காசு மட்டும் எப்படி நியாயம்? 1990இல்கூட ரூபிளின் மெய்யான மதிப்பு அதுவன்று. அந்த எண் ரூபாயின் சரிவிலிருந்து பிறந்தது, ரூபிளின் வலிமையிலிருந்து பிறந்ததன்று. 1966இல் நாம் விழுந்தோம், கடன் ஏறியது. 1991இல் நாம் விழுந்தோம், கடன் ஏறியது. அவர்கள் விழுந்தார்கள், கடன் இறங்கவில்லை! என் வழக்கு இந்த ஒன்றுதான். கொடுத்தவனுக்குக் காப்பு எழுதியவர்கள், வாங்கியவனுக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை?

கடனாக நாம் கட்டிய ரூபாய் என்ன ஆயிற்று தெரியுமா? அதைப் பயன்படுத்தும் உரிமையை மாஸ்கோவில் ஏலத்தில் விட்டார்கள். முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வணிகர்கள் எடுத்தார்கள். நூறு ரூபாய் உரிமையை நூற்றுக்குக் குறைத்து வாங்கியவன், நம் சரக்கை மலிவாகப் பெற்றுவிட்டான் என்றுதானே பொருள்? ரூபாய்க்கு வாங்கிய இந்தியச் சரக்கை வழியிலேயே மேல்நாடுகளுக்குத் திருப்பி டாலருக்கு விற்கிறார்கள் என்ற புகார் ரூபாய் வாணிபம் செழித்திருந்த நாளிலேயே எழுந்ததுண்டு. அப்படித் திரும்பிய சரக்குகளில் முந்திரிப் பருப்பின் பெயரும் அடிபட்டது.

நெய்வேலியின் அந்த முதல் மின் நிலையம் 58 ஆண்டுகள் உழைத்து 2020 செப்டம்பரில் ஓய்ந்தது. சரி, பழங்கதை முடிந்தது என்று நீங்கள் எழ எண்ணலாம். சற்றே பொறுங்கள்.

2022இல் உக்ரைன் போர் மூண்டது. ரஷ்யாவுக்கு டாலர் வழி அடைபட்டது. அவ்வாண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி, அயல்நாட்டு வாணிபத்தை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழி திறந்தது. நாம் ரஷ்ய எண்ணெயைக் கப்பல் கப்பலாக வாங்கினோம். அவர்கள் நம்மிடம் வாங்கியதோ சிறிதளவு. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய அயலுறவு அமைச்சர் செர்கெய் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் தங்களுக்குக் கோடிக்கணக்கில் ரூபாய் குவிந்து கிடக்கிறது, அதைச் செலவிட வழியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பாருங்கள் காலத்தின் கோலத்தை! அன்று ரூபிள் கடனைச் சுமந்தவர்கள் நாம். 2023இல் செலவழியாத ரூபாயைச் சுமந்தவர்கள் அவர்கள்.

இம்முறை பேச்சு நடக்கும்போது நம் பக்கம் சற்று வலுவிருக்கிறது. மாற்று விகிதம் சரிந்தால் யார் சுமப்பது என்ற வரியை யார் எழுதுவார்கள்? குவிந்த ரூபாய்க்கு அவர்கள் எதை வாங்கவேண்டும் என்று பேசும்போது, பருப்பின் பெயரைச் சொல்ல அந்த மேசையில் யாராவது இருப்பார்களா? நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை எழுப்பவேண்டும். எழுப்புவதற்கு வேண்டிய கணக்கை நாம்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

அதற்கு ஒரு சிறு வேலை தருகிறேன். பண்ணுருட்டிப் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு இன்று ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டை வருகிறது. அதன் விலை டாலரில். உடைத்த பருப்பு உள்நாட்டில் விற்றால் ரூபாய்; வெளிநாடு போனால் டாலர். உடைத்த கூலி என்றும் ரூபாய். அடுத்த ஞாயிறு இங்கே கூடும்போது, உங்களில் இருவர் கொட்டை வாங்கிய விலையையும், இருவர் பருப்பு விற்ற விலையையும், தாய்மார்கள் தங்களுக்குக் கிடைத்த கூலியையும், கடந்த ஐந்தாண்டுக்குத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். டாலரின் விலையை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். நான்கையும் இந்தப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம்.